சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் வந்த கதை

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கை தம் குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருந்தார். அவருடைய மகனுக்குப் பத்து வயது. அங்கேயே பிறந்து வளர்ந்தவன். எதைக் கண்டாலும் கேள்வி கேட்பான். ஒரு நாள் காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இட்லி சாப்பிட்டுக் கொண்டிருந்தவன், சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இங்க ஏன் ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் பக்கத்துல ஒரு சுவிட்ச் இருக்கு? எங்க வீட்டு டைனிங் ரூம்ல ஒண்ணுக்குமே கிடையாதே!"

"ஆபத்து வரக் கூடாதுன்னுதான். சுவிட்சை அணைச்சுட்டா சாக்கெட்டுல கரண்ட் இருக்காது" என்று சொல்லிவிட்டு, அவனுக்குக் காட்டுவதற்காக டெஸ்டரை எடுத்து வந்தேன். சுவிட்சை அணைத்தேன். வலப்பக்கத் துளையில் டெஸ்டர் ஒளிரவில்லை. இடப்பக்கத் துளையில் வைத்ததும் பளிச்சென்று ஒளிர்ந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இடப்பக்கத் துளையே ஒளிர்ந்தது. சுவிட்சுக்கும் அந்தத் துளைக்கும் ஒரு தொடர்பும் இல்லை!

அடுக்களையிலிருந்து என் தாயார் குரல் கொடுத்தார்: "அந்தப் பாயின்டுல மிக்ஸியைப் போட்டா, ஆஃப் பண்ணின பிறகும் ஜாரைத் தூக்கும்போது சுள்ளுன்னு கடிக்கும்ப்பா. அதான் நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு அரைக்கிறேன்."

"எத்தனை நாளாம்மா?"

"இருக்கும், ரெண்டு வருஷம்."

கல்லூரியில் மின்னியல் கற்பிக்கும் ஒருவனின் வீட்டில் இது நடந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் பையனின் கேள்வி நல்ல கேள்வி. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் எப்படி வந்தது? அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது? இதற்கு விடை காண நாம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

விளக்குக்காக வந்த மின்சாரம்

1882-ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரில் பேர்ல் தெரு மின் நிலையத்தைத் தொடங்கியபோது, அதிலிருந்து வீடுகளுக்குச் சென்ற மின்சாரம் விளக்கெரிப்பதற்காகவே சென்றது. சுவரில் சாக்கெட் என்ற ஒன்றே அன்று கிடையாது. கூரையில் தொங்கிய பல்ப் ஹோல்டர்தான் மின்சாரம் கிடைக்கும் ஒரே வாய். பின்னர் இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் வந்தபோது, பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் அவற்றைப் பொருத்தினார்கள். 1904-இல் ஹார்வி ஹப்பெல் என்ற அமெரிக்கர், ஹோல்டரில் ஒரு பகுதியை நிலையாகப் பொருத்திவிட்டு, ஊசிகள் கொண்ட மறு பகுதியை வேண்டும்போது செருகவும் பிடுங்கவும் ஏற்றதோர் அமைப்பைச் செய்து காப்புரிமை பெற்றார். அமெரிக்க பிளக்கின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

நம் மாநிலத்திலும் ஏறத்தாழ இதே கதைதான். 1932-இல் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் தாமிரவருணியின் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கின. முதலில் ஆலைகளுக்கும், பிறகு கடைத்தெருக்களுக்கும், அதன் பிறகே வீடுகளுக்கும் மின்சாரம் வந்து சேர்ந்தது. வீடு என்றால் இரண்டு விளக்கு, வசதியிருந்தால் ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். பல்ப் ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்து இஸ்திரி போட்ட காலம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோல்டரில் பொருத்திய எந்தக் கருவியும், அந்த விளக்குக்குரிய சுவர்ச் சுவிட்சின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. சாக்கெட் தனியாகச் சுவருக்கு இறங்கி வந்தபோதுதான், அதற்கும் ஒரு சுவிட்ச் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

பொறியை வெட்டிய சுவிட்ச்

தொடக்க கால மின்சாரம் பெரும்பாலும் நேர்திசை மின்னோட்டமாக இருந்தது. எடிசனின் நிலையமும் அப்படித்தான். 1899-இல் கல்கத்தாவில் தொடங்கிய மின்வழங்கலும் அப்படித்தான். நேர்திசை மின்னோட்டத்தை வெட்டுவது எளிதன்று. தொடுமுனைகளை மெதுவாகப் பிரித்தால் இடையிலுள்ள காற்று அயனியாகி, அதன் வழியே மின்னோட்டம் தொடர்ந்து பாய்கிறது. இதையே மின்வில் என்கிறோம். அதன் வெப்பத்தில் தொடுமுனைகள் உருகும், மரப்பலகை கருகும், சில வேளைகளில் தீயும் பற்றும்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வாழ்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-இல் இதற்கு ஒரு வழி கண்டார். கை எவ்வளவு மெதுவாக நெம்பினாலும், உள்ளேயுள்ள ஒரு வில்சுருள் தொடுமுனைகளைச் சட்டென்று பிரித்துவிடும். மின்வில் நீள்வதற்கு நேரமே கிடைக்காது. இன்று நாம் அழுத்தும் சுவிட்சில் கேட்கும் 'டிக்' என்ற ஒலி, அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தது.

பிளக்கைப் பிடுங்கும் கைக்கு இத்தகைய வில்சுருள் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் பிளக்கை மெல்லப் பிடுங்கினால் ஊசி நுனியில் பொறி பறக்கிறது. எனவே முதலில் சுவிட்சால் மின்னோட்டத்தை வெட்டிவிட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்குவது நல்லது. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருப்பதன் முதற்பயன் இதுவே.

மாறுதிசை மின்னோட்டம் பரவிய பிறகு நிலைமை சற்று மாறியது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒரு நொடியில் 100 முறை சுழியைத் தொட்டுச் செல்கிறது. ஒவ்வொரு முறையும் மின்வில் தானே அணைய வாய்ப்பு உண்டு. எனவே சுவிட்சின் தேவை குறைந்தது, ஆனால் அற்றுப்போய்விடவில்லை. எவ்வளவு குறைந்தது என்பதில்தான் அமெரிக்காவும் நாமும் வேறு வேறு வழியில் போனோம்.

அமெரிக்கச் சாப்பாட்டு அறை

அமெரிக்க வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். அங்கே வீட்டு ஒயரிங்குக்கான தேசிய விதித்தொகுப்பு முதன்முதலாக 1897-இல் வெளியாயிற்று. இன்றளவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகிறது. அதன்படி வாழும் அறைகளில், சுவரோரம் எந்த இடத்தில் நின்றாலும் 6 அடிக்குள் ஒரு சாக்கெட் எட்ட வேண்டும். ஆனால் அந்தச் சாக்கெட்டுக்குச் சுவிட்ச் வேண்டும் என்று அது கேட்பதில்லை.

சுவிட்சை அது கேட்பது விளக்குக்காக. இருட்டில் அறைக்குள் நுழைபவர், தடுமாறாமல் சுவரில் கைவைத்து விளக்கைப் போட வேண்டும் அல்லவா? கூரையில் விளக்கு இல்லாத அறைகளில், மேசை விளக்கைச் செருகுவதற்கென்று ஒரு சாக்கெட்டைச் சுவர்ச் சுவிட்சோடு இணைத்துவிட்டால், கூரை விளக்குக்கு ஈடாக அதை விதி ஏற்றுக்கொள்கிறது. அடுக்களைக்கும் குளியலறைக்கும் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே விளக்கே இருந்தாக வேண்டும்.

சாப்பாட்டு அறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரொட்டி வாட்டும் கருவியையும் காப்பி வடிக்கும் கருவியையும் சாப்பாட்டு மேசை மேலேயே வைத்துப் பயன்படுத்தும் பழக்கம் அங்கே உண்டு. ஆகவே விதித்தொகுப்பு சாப்பாட்டு அறையை அடுக்களையோடு சேர்த்துவிட்டது. இந்த இடங்களின் சாக்கெட்டுகளுக்கு 20 ஆம்பியர் சுற்றுகள் இரண்டேனும் வேண்டும். விளக்குகளை அந்தச் சுற்றுகளில் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டு அறையில் சுவிட்சோடு கூடிய சாக்கெட் வைப்பதானால், அதை விளக்குச் சுற்றிலிருந்து இழுக்க வேண்டும்; கணக்கில் உள்ள சாக்கெட்டுகளுக்கு மேல், கூடுதலாகவே வைக்க வேண்டும். விளக்கு என்று நினைத்து யாரோ அணைக்க, கருவிகள் நின்றுபோகும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

ஆக, என் மருமகன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சுவிட்ச் இல்லாததற்கு அலட்சியம் காரணமன்று. அங்கே சாக்கெட் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டியது. சுவிட்ச் என்பது விளக்குக்கு உரியது.

நாம் வந்த வழி

நாம் பின்பற்றியது பிரிட்டிஷ் வழி. அங்கே வீட்டு மின்னழுத்தம் அமெரிக்காவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தரம் 546, வட்ட ஊசிகள் மூன்று கொண்ட பிளக்குகளுக்கு 2, 5, 15, 30 ஆம்பியர் என்று அளவுகளை வகுத்தது. மூன்றாவது ஊசி எர்த்துக்கு உரியது. அது மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கான மின் அமைப்பை ஆராய பிரிட்டனில் ஒரு குழு அமைந்தது. அதிலிருந்த ஒரே பெண் உறுப்பினர் கரோலின் ஹாஸ்லெட் என்ற பொறியாளர். சாக்கெட் துளைக்குள் குழந்தைகள் எதையும் நுழைக்க முடியாதபடி உள்ளே மூடி வேண்டும் என்பதில் அவர் அக்கறை காட்டினார். 1947-இல் பிரிட்டன் ஃபியூஸ் பொதிந்த சதுர ஊசி பிளக்குக்கு மாறியது. அதே ஆண்டில் விடுதலை பெற்ற நாம் பழைய வட்ட ஊசிகளிலேயே தொடர்ந்தோம். 5 ஆம்பியரும் 15 ஆம்பியரும் பின்னாளில் இந்தியத் தரத்தில் 6, 16 என்று மாறின, வடிவம் அதுவேதான்.

அமெரிக்காவில் இல்லாத ஒரு வழக்கம் இந்த மரபில் வேரூன்றியது. நம் நாட்டு ஒயரிங் விதித்தொகுப்பு, ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு சுவிட்சுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சுவிட்ச் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, அல்லது அதனோடு சேர்ந்தே இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. இந்தியாவின் தேசிய மின் விதித்தொகுப்பு முதலில் வெளியானது 1985-இல். அதன் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள பரிந்துரை அட்டவணை, சாப்பாட்டு அறைக்கு 6 ஆம்பியர் சாக்கெட் 2, 16 ஆம்பியர் சாக்கெட் 1 என்று கணக்குத் தருகிறது. நம் வீடுகளில் பலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் புண்ணியம்.

மின்னழுத்தம் இரு மடங்கானால் உடலுக்கு என்ன வேறுபாடு? ஒருவரின் உடல் மின்தடையை 1500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருந்தால் இதைவிடவும் குறையலாம். 120 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 120 ÷ 1500 = 80 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 153 மில்லி ஆம்பியர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல் தொண்டர்களிடம் நடத்திய ஆய்வில், பிடித்த கம்பியைத் தாமே விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்குச் சராசரி 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். எனவே இரண்டு மின்னழுத்தங்களும் கொல்லக்கூடியவையே. ஆனால் 230 வோல்ட் தவறுக்கு இடம் கொடுப்பது மிகக் குறைவு. செருகும்போதும் பிடுங்கும்போதும் துளையில் மின்சாரம் இல்லாமல் இருக்கட்டும் என்று நாம் சுவிட்ச் வைத்திருப்பது நியாயந்தான்.

எந்தக் கம்பியில் சுவிட்ச்?

இனி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு வருவோம்.

சாக்கெட்டுக்கு வரும் கம்பிகள் மூன்று: ஃபேஸ், நியூட்ரல், எர்த். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால், மேலே உள்ள பெரிய துளை எர்த். நம் வலக்கைப் பக்கம் ஃபேஸ். இடக்கைப் பக்கம் நியூட்ரல். பக்கத்துச் சுவிட்ச் இவற்றில் ஒரே ஒரு கம்பியைத்தான் வெட்டுகிறது. அது ஃபேஸ் கம்பியாக இருந்தால், சுவிட்சை அணைத்ததும் கருவிக்குள் மின்னழுத்தம் இல்லை. நியூட்ரலாக இருந்தால் கருவி நிற்கும்; ஆனால் அதன் உள்ளே ஒவ்வொரு சுருளும் 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

கருவி ஓடுவதைப் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. சுவிட்ச் எந்தக் கம்பியில் இருந்தாலும் மிக்ஸி போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். ஆண்டுக்கணக்கில் தவறு வெளியே தெரியாமல் இருப்பது இதனால்தான்.

இந்திய மின்சார விதிகள், 1956, தமது 32-ஆம் விதியில் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தன: நியூட்ரல் கம்பியில் தனியாகச் சுவிட்சோ ஃபியூஸோ வைக்கக் கூடாது, வைத்தால் ஃபேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெட்டும் இணைச் சுவிட்சாக இருக்க வேண்டும். அந்த விதிகளின் இடத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் 2010-இலும், மீண்டும் 2023-இலும் வந்தன. அடிப்படை மாறவில்லை, இயற்பியல் மாறவில்லை அல்லவா?

எங்கள் வீட்டில், சாப்பாட்டு அறைப் பாயின்ட் பிற்பாடு இழுத்தது. இழுத்தவர் ஃபேஸை நேராக இடப்பக்கத் துளைக்கும், நியூட்ரலைச் சுவிட்ச் வழியாக வலப்பக்கத் துளைக்கும் கொடுத்துவிட்டார். மிக்ஸியில் உள்ள சுவிட்சும் வலப்பக்க ஊசியோடு சேர்ந்தது. எனவே அதையும் அணைத்து, சுவர்ச் சுவிட்சையும் அணைத்த பிறகும், மிக்ஸியின் மோட்டார் சுருள் ஃபேஸோடு இணைந்தே இருந்தது. பழைய மிக்ஸி, காப்பு உறை நைந்துபோயிருக்கிறது. கசிந்த மின்சாரம் ஜாரைத் தூக்கும் கையைத் தேடி வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எர்த் என்று மூன்றாவது கம்பி இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது?

கரிசல் மண்ணும் மூன்றாவது துளையும்

கருவியின் உலோகப் பகுதிக்கு மின்சாரம் கசிந்தால், மனித உடல் வழியாகப் போகாமல் எளிய வழியில் அதை மண்ணுக்கு இறக்குவதே எர்த்தின் வேலை. நானும் பையனும் வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தோம். எர்த் கம்பி குழாயோடு சேரும் இடத்தில் துருவேறி அற்றுக் கிடந்தது. அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது குழாயைச் சுற்றியிருந்த மண். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே பையனின் விரல் நுழைந்தது.

கரிசல் மண்ணின் இயல்பு நம் உழவர்களுக்குத் தெரிந்ததுதான். மழையில் ஊறி உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது அது மின்சாரத்தை நன்றாகவே கடத்துகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எந்த மண்ணின் மின்தடையும் விரைவாக ஏறத் தொடங்கும். கரிசலில் இன்னொரு இடரும் சேர்ந்துகொள்கிறது: மண் சுருங்கிக் குழாயை விட்டே விலகிவிடுகிறது. கார்த்திகை மழையில் அளந்து 'எர்த் நன்றாக இருக்கிறது' என்று சொன்னால், அது சித்திரைக்குப் பொருந்தாது. எர்த் குழியில் உப்பும் கரியும் இடுவதும், கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்த் கம்பி அறுந்து போகவில்லை. ஆனால் காய்ந்த மண்ணில் எர்த் குழாயின் மின்தடை 20 ஓம் என்று கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 1 ஓம். மிக்ஸிக்குள் ஃபேஸ் கம்பி அறுந்து உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டது. அப்போது மண் வழியாகப் பாயும் மின்னோட்டம்

230 ÷ (20 + 1) = ஏறத்தாழ 11 ஆம்பியர்.

16 ஆம்பியருக்குரிய ஃபியூஸ் இதற்கு உருகாது. வீடுகளில் உள்ள 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு 80 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும், அதுவும் அசையாது. மிக்ஸியின் உடலில் 11 × 20 = ஏறத்தாழ 220 வோல்ட் அப்படியே நிற்கும். எர்த் இருந்தும் ஆபத்து நீங்கவில்லை!

ஃபியூஸ் நம்மைக் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது கம்பியை. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. 150 மில்லி ஆம்பியரில் உயிர் போய்விடும் மனிதனை, 16 ஆம்பியர் வரை காத்திருக்கும் ஒன்று எப்படிக் காக்கும்?

தங்கச் சுரங்கம் தந்த காவல்

இந்த இடைவெளியை நிரப்பிய கருவி 1950-களில் உருவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின் விபத்துகளைத் தடுக்க, ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் மிகச் சிறிய கசிவையும் உணரும் கருவி ஒன்றைச் செய்தார். அது சுரங்கத்திலிருந்து வீட்டுக்கும் வந்தது. நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்றும், பழைய வழக்கில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்டு வாங்குவது இதன் வழிவந்ததே.

இது வேலை செய்யும் முறை எளியது. ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் ஒரு காந்த வளையத்தின் வழியே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வழியில் ஒரு பகுதி உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு நேராகாது. எஞ்சிய புலம் வளையத்தில் சுற்றியுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இரு கம்பிகளையும் அது துண்டித்துவிடும்.

எங்களைப் போன்ற வறண்ட நிலத்தார்க்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. எர்த்தின் மின்தடை 500 ஓம் வரை ஏறிப்போனாலும், மிக்ஸியின் உடலில் 0.03 × 500 = 15 வோல்ட் எழுவதற்குள் கருவி விழுந்துவிடும். ஃபியூஸால் முடியாததை இது முடிக்கிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால், போனது திரும்பி வந்துவிடுகிறது. கருவிக்கு ஐயம் எழாது.

1956-ஆம் ஆண்டு விதிகளில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 61ஏ என்ற விதி இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தது. எங்கள் ஊரில் அக்காலத்தில் ஒயரிங் செய்த சாதாரண வீடுகள் எல்லாம் அந்த விலக்குக்குள் அடங்கியவை. வசதியானவர் வீட்டில் அது இருந்தது. தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர் வீட்டில் இல்லை. மண் இருவருக்கும் ஒன்றுதான் வெடித்தது. விலக்கு என்பது தடையன்று. பழைய வீட்டுக்காரர்கள் தாமாகவே முன்வந்து இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

பையனுக்குச் சொன்ன விடை

மறுநாள் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம். மெயினை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு அறைப் பாயின்டில் இடம் மாறியிருந்த கம்பிகளைச் சரிசெய்தார். எர்த் குழாயில் துருவைச் சுரண்டிப் புதிய இணைப்புப் போட்டார். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினார். பழைய மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்தோம். அரை நாள் வேலைதான். இரண்டு ஆண்டுகளாக அம்மாவின் ரப்பர் செருப்பு செய்துவந்த காவலை, இனி அவை பார்த்துக்கொள்ளும்.

வாசகர்களும் தங்கள் வீட்டில் சிலவற்றைக் கவனிக்கலாம். எந்தக் கருவியாவது தொட்டால் 'சுள்'ளென்று கடிக்கிறதா? கடித்தால், செருப்பைத் தேடாமல் வயர்மேனைத் தேடுங்கள். அது வரும் ஆபத்துக்கு முன்னறிவிப்பு. மூன்று ஊசி பிளக்கில் மேல் ஊசியை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கம் வேண்டா. எர்த் குழியைக் கோடையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். டெஸ்டர் ஒளிர்ந்தால் மின்சாரம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒளிராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பலகையைத் திறப்பதை வயர்மேனுக்கு விட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பையன் மறுபடியும் கேட்டான்: "மாமா, அப்போ எங்க வீடு நல்லதா, ஆச்சி வீடு நல்லதா?"

"ரெண்டும் ஒழுங்கா வேலை செஞ்சா ரெண்டும் நல்லதுதான். சுவிட்ச் ஒரு காவல்காரன் மாதிரி. அவன் சரியான வாசல்ல நிக்கிறானான்னு பார்க்கணும். இவ்வளவு நாளா நான் பார்க்கலை, நீ கேட்டதால பார்த்தேன்" என்றேன்.

அவன் டெஸ்டரைக் கேட்டு வாங்கி, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டு அறைச் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தான். சுவிட்ச் அணைந்திருந்தது. இரண்டு துளையிலும் ஒளி இல்லை. சுவிட்சைப் போட்டான். வலப்பக்கம் மட்டும் ஒளிர்ந்தது.